மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும்

கொச்சி மாநகரின் வைட்டிலாச் சந்திப்பிலிருந்து மேற்கே காயலைக் கடந்து சென்றடையத்தக்க இப்புராதனத் துறைமுகப் பகுதிகள், கடலில் நீராடுவோரைவிடக் கண்ணாரக் கண்டு களிப்போருக்கே பெரிதும் உகந்தவை. 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்தமையால் அவர்கள் பெயராலேயே வழங்கிவரும் மட்டாஞ்சேரி அரண்மனையில், மன்னர் பள்ளியறைச் சுவர்களை நிறைத்து நிற்கும் இராமாயணச் சித்திரங்களை அவசரமின்றிக் காணுதல் வேண்டும். அருகே, 1568இல் எழுந்த யூதர் ஜெபாலயத்தின் தரையில், சீனத்திலிருந்து வந்து, கையால் நீலவண்ணம் தீட்டப்பெற்ற ஓடுகள் பதிக்கப்பெற்றுள்ளன.

கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், 1524இல் மரணமடைந்த வாஸ்கோ ட காமா முதலில் அடக்கம் செய்யப்பெற்ற இடத்தைக் காணலாம். ஆயினும் இவ்வூரின் உயிர்நிலை, என் கருத்தில், சீனவலைகளே. கயிற்றில் கோத்த கருங்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தாழ்ந்திறங்க, நான்கைந்து பேர் ஒருசேர இழுக்க, நீர் சொட்டச் சொட்ட மேலெழும் அவ்வலையில், பெரும்பாலும் ஒருபிடி மீனே துள்ளும்; அந்தியில் அக்காட்சி மனத்தை விட்டகலாது.

சனிக்கிழமைகளில் ஜெபாலயம் பார்வையாளருக்குத் திறக்கப்படுவதில்லை.