ஜவ்வாது மலையில மகளுக்குப் பங்கு உண்டா?

ஜவ்வாது மலைன்னா நமக்கு பீமன் அருவி, காவலூர் டெலஸ்கோப், வீக்எண்ட் பைக் ரைடு. இந்த எபிசோட்ல அங்க இருக்கிற நிலத்தைப் பத்திப் பேசலாம். உயில் எழுதாம அப்பா இறந்துட்டா, அது யாருக்குப் போகும்?

நம்மில் பலருக்கு பதில் ஈஸி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் தானா சம்பாதிச்ச சொத்துல மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்துல மட்டும் பிறப்புரிமை ஆண்களுக்குத்தான் இருந்தது. தமிழ்நாடு 1989-ல அதைத் திருத்தி, அப்போ கல்யாணம் ஆகாத மகள்களுக்கும் கொடுத்தது. நாடு முழுக்க அது வர 2005 ஆச்சு.

ஆனா அதே சட்டத்தோட 2(2) பிரிவைப் படிங்க. மத்திய அரசு தனியா அறிவிச்சாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஜவ்வாது மலையில பெரும்பாலும் வாழுறது மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்ல, பேர் மட்டும்தான் ஒண்ணு). ஆக, அடிவாரத்துல போளூர்ல ஒரு பொண்ணுக்குக் கிடைச்ச உரிமை, மேல ஜமுனாமரத்தூர்ல ஒரு மலையாளிப் பொண்ணுக்குத் தானா போய்ச் சேரல. அங்க வழக்கம்தான் சட்டம். வழக்கத்துக்கு டாக்குமெண்டேஷன் கிடையாது. கோர்ட்ல சாட்சி வெச்சு நிரூபிக்கணும்.

பழங்குடி வழக்கங்களைக் காப்பாத்தத்தான் இந்த விலக்கு. நல்ல நோக்கம்தான். ஆனா அதோட விலையை மகள்கள் மட்டும் கொடுக்குறாங்க.

2022 டிசம்பர்ல ஒரு பழங்குடிப் பெண்ணோட வழக்குல உச்ச நீதிமன்றம், சட்டம் இப்படி இருக்கும்போது பங்கு தர முடியாதுன்னுச்சு. கூடவே, சட்டத்தைத் திருத்தறது பத்தி யோசிங்கன்னு மத்திய அரசுகிட்ட சொன்னது. 2023 பிப்ரவரியில சென்னை உயர் நீதிமன்றம், மலையாளிக் குடும்பம் ஒண்ணோட வழக்குல பெண்களுக்கும் சம பங்கு உண்டுன்னு தீர்ப்பு சொன்னது. 2025 ஜூலையில, சத்தீஸ்கர் கோண்டு குடும்பம் ஒண்ணோட வழக்குல உச்ச நீதிமன்றமே டிஃபால்ட்டை மாத்திடுச்சு: பெண்களை ஒதுக்குற வழக்கம் நிரூபிக்கப்படலைன்னா, சமம்தான்.

இதுக்கெல்லாம் வருஷக்கணக்கா கோர்ட் ஏறணும். அப்பா உயிரோட இருக்கும்போதே உயில் எழுதினா, சொந்தமா சம்பாதிச்ச சொத்துக்காவது சண்டை குறையும். ரெண்டு சாட்சி போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்ல. ஆனா பதிவு பண்ணிடுங்க. 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் ஆபீஸ்ல உயிலுக்குன்னு தனிப் புத்தகம், 3-ஆம் எண். வில்லங்கச் சான்று போட்டா அது தெரியாது. எழுதினவர் இருக்குற வரைக்கும் அவருக்கோ அவரோட முகவருக்கோ மட்டும்தான் நகல். அவர் இறந்த பிறகு, யார் வேணா மனு போட்டு வாங்கலாம். மகளும்தான்.