திக்கு என்னும் வினையும் திக்குவாய் என்னும் பெயரும்

திக்கு என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொல்லன்பரே. நுனிநா மேற்பல்லின் அடியைத் தொட்டு விலகுகிறது. இகரம் ஒரு கணம் ஒலிக்கிறது. உடனே அடிநா பின்னண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ள, மூச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. இரட்டித்த ககரத்தின் முதல் பாதி ஒலியே அன்று, அடைப்பு. அது விட்டபின் வரும் உகரமோ குற்றியலுகரம். அரை மாத்திரையில் அடங்கிவிடுகிறது. பேச்சுத் திக்குவோர் தமக்கு நேர்வது இன்னது என்று விளக்கும்போதும் இதையே சொல்கிறார்கள்: சொல் தெரிகிறது, நாவும் இதழும் உரிய இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன, ஒலி மட்டும் புறப்படவில்லை. பொருளை ஒலிக்குள்ளேயே வைத்துக் கட்டிய சொல் இது. விக்கு, சிக்கு, முக்கு, முட்டு எனத் தடையைச் சுட்டும் வன்தொடர்ச் சொற்கள் நம்மிடம் எத்தனை! இவற்றுள் விக்கு என்பதை நாம் தொண்டையில் சோறு அடைப்பதற்கு வைத்துக்கொண்டோம். மலையாளத்தார் அதையே பேச்சுத் தடைக்குப் பெயராக்கிக்கொண்டார்கள்.

திசையைக் குறிக்கும் திக்கு வேறு, அது வடசொல். திக்கற்றவர், எண்டிக்கு என்பவை அதன் வழி வந்தவை. திக்குமுக்காடுதல், திக்கித் திணறுதல் என்பவை நம் வினையின் மக்கள். எழுத்தில் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் ஒரு வீட்டில் குடியேற்றிவிடக் கூடாது.

இந்த வினைக்கு உடன்பிறப்புகள் உண்டு. தெற்று என்றால் பின்னுதல், சிக்குதல், இடறுதல். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல்லைத் தெற்றுப்பல் என்றவர்கள், சொல்லோடு சொல் பின்னிக்கொள்ளும் வாயைத் தெற்றுவாய் என்றார்கள். பேச்சு வழக்கில் அது தெத்துவாய். கொன்னுதல், கொன்னை என்பவையும் இதே பொருளில் வழங்குபவை. அச்சம், பயனின்மை, காலம், பெருமை என்று தொல்காப்பியம் நாற்பொருள் கூறும் கொன் என்ற இடைச்சொல்லோடு இதை முடிச்சிடத் தோன்றும். பேசத் தொடங்குமுன் எழும் அச்சத்தை எண்ணினால் அந்த ஆசை இன்னும் வலுக்கும். ஆனால் ஒலியொப்புமை ஒன்றே வேருக்குச் சான்றாகாது.

மூன்று சொற்களையும் ஒரே நூலில் பார்க்க விரும்பினால் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திறக்கலாம். மோசே தம்மைத் திக்குவாய் உள்ளவர் என்கிறார்; ஏசாயாவில் தெற்றுவாயர் வருகிறார்கள்; மாற்குவில் கொன்னைவாய் உடையவர் ஒருவர். மோசே சொன்னதற்கு எபிரேய மூலத்தில் நிற்பது கனத்த வாய், கனத்த நாக்கு என்பதுதான். எடையைத் தடையாக மாற்றித் தமிழாக்கியவரின் செவிக்கு வணக்கம். அந்தக் கதையில் மோசேயின் நாவு இளகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அண்ணன் ஆரோன் துணையாக வருகிறார், செல்ல வேண்டிய செய்தி சென்று சேர்கிறது.

இனி வாய்க்கு வருவோம். திக்குவாய் வினைத்தொகை. திக்கிய வாய், திக்குகின்ற வாய், திக்கும் வாய் என முக்காலமும் அதற்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. ஊறுகாய்க்கு அது பொருந்தும், வாய்க்குப் பொருந்தாது. ஏனென்றால் திக்குதல் எப்போதும் நிகழ்வதன்று: பாடும்போது பெரும்பாலும் மறைகிறது, பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது மறைகிறது, தனியே பேசும்போது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அந்த வாயே ஆளுக்கும் பெயராகி, "டேய் திக்குவாய்" என்று அன்மொழித்தொகையாய்த் தெருவில் ஒலிக்கும்போது, வந்துபோகும் ஒன்று மனிதர்மேல் நிலையாக ஒட்டிக்கொள்கிறது.

பெயர் என்ன செய்யும் என்பதற்கு வருத்தம் தரும் சான்று ஒன்று உண்டு. 1939-இல் அமெரிக்காவின் அயோவாவில், வென்டல் ஜான்சன் என்ற பேச்சறிஞரின் வழிகாட்டலில், ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் 22 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடமும் உனக்குத் திக்குகிறது என்று சொல்லிவந்தார்கள். அக்குழந்தைகள் திக்குவோராக மாறிவிடவில்லை. பேசவே தயங்குவோராக மாறினார்கள். ஜான்சனும் திக்குபவர்தாம் என்பது நெஞ்சை உறுத்துகிறது. ஆய்வு நடந்த அயோவாப் பல்கலைக்கழகம் 2001-இல் மன்னிப்புக் கேட்டது. திக்குதல் மரபுவழியிலும் மூளையின் பேச்சுப் பகுதிகளின் இயக்கத்திலும் வேர்கொண்டது என்பது இன்று தெளிவு. சிறுவரில் நூற்றுக்கு 5 பேருக்கு ஒரு பருவத்தில் திக்கும். பெரும்பாலோர்க்குத் தானே நீங்கிவிடும். வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவரிடம் தங்கும். தாயின் வளர்ப்பும் காரணமன்று, பிள்ளையின் கோழைத்தனமும் காரணமன்று.

ஒருபொருட் பன்மொழியில் செழித்த தமிழ், திக்குவோர்க்கு ஒரு மறைவிடமும் ஆகிறது. தண்ணீர் வராவிட்டால் நீர், பள்ளிக்கூடம் நின்றுவிட்டால் இஸ்கூல் என்று நொடியில் சொல்மாற்றும் திறம் அவர்களிடம் உண்டு. நிகண்டு ஆசிரியர்க்கும் அந்த விரைவு வாய்க்காது. தம் பெயருக்கு மட்டும் மாற்றுச்சொல் இல்லை. அதனால்தான் "பேர் என்னப்பா?" என்ற எளிய கேள்வியில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

ஆளுக்குப் பெயர் ஒட்டாமல் திக்குதலைச் சொல்லும் வழியும் நம் வழக்கிலேயே கிடக்கிறது. "எனக்குத் திக்கும்" என்கிறோம் அல்லவா? எனக்குப் பசிக்கும், எனக்கு வியர்க்கும் என்பவற்றோடு சேரும் நான்காம் வேற்றுமை அது. அங்கே ஆளுக்குப் பெயர் சூட்டவில்லை. ஒன்று வருகிறது, போகிறது என்று மட்டும் சொல்கிறோம். தாமும் திக்கியவரான அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் சார்லஸ் வான் ரைப்பர் கற்பித்ததும் இதற்கு அண்டையில்தான்: தடையோடு முட்டாமல், இறுக்கத்தைத் தளர்த்தி, எளிதாகத் திக்கிக் கடந்து செல்வது. நம் நாட்டு நகரங்களில் திக்குவோர் தாமே கூடி நடத்தும் துணைக்குழுக்களில் வேண்டுமென்றே திக்கிப் பேசியும் பழகுகிறார்கள், அச்சம் கழல வேண்டும் என்பதற்காக. ஆண்டுதோறும் அக்டோபர் 22 திக்குதல் விழிப்புணர்வு நாள். 1998 முதல் உலகெங்கும் நினைக்கப்படுகிறது.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் முதல் தொடராகவே "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காரப் பழகுகிறார்கள். சொல்லிவிட்டால் மறைக்கும் சுமை இறங்குகிறது, பேச்சும் பலருக்கு இளகுகிறது. எதிரில் இருப்பவர் செய்யவேண்டியது சிறிது: நின்ற சொல்லைத் தாம் முடித்து வைக்காமல், "மெதுவாப் பேசு" என்று அறிவுரை சொல்லாமல், முகத்தைப் பார்த்தபடி அந்தச் சொல்லை அவரே சொல்லி முடிக்க விடுவது.