வாசல் தொண்டு: புனே நாடக அரங்குகளின் கதை

பணி ஓய்வு பெற்றபின் என்ன செய்கிறீர்கள் என்று நம் சங்க அன்பர்கள் கேட்கும்போது, "நாடகக் கொட்டகை வாசலில் நிற்கிறேன்" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் பரிதாபப்படுவார்கள். உண்மை அதுதான். மிலிட்டரி அக்கவுண்ட்ஸில் கணக்கெழுதி ஓய்ந்தபின், புனேயில் வருகிறவர்களை வரவேற்று, டிக்கெட் பார்த்து, இருக்கை காட்டும் தொண்டர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் கிடையாது. இடைவேளையில் ஒரு கப் சாயா உண்டு. நாடகத்தின் முதல் கால் மணி நேரத்தை நின்றபடிதான் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான், நான் நிற்கும் வாசலுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்று தெரிந்தது. அதில் தஞ்சாவூருக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே நம் அங்கத்தினர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தஞ்சையில் ஒரு தொடக்கம்

மராத்தி நாடகத்தின் பிறந்த நாளாக நவம்பர் 5-ம் தேதியை மஹாராஷ்டிரத்தில் கொண்டாடுகிறார்கள். 1843-ல் அந்த நாளில் ஸாங்க்லி ஸமஸ்தானத்தில் விஷ்ணுதாஸ் பாவே 'ஸீதா ஸ்வயம்வர்' நாடகத்தை அரங்கேற்றினார். கர்நாடகத்திலிருந்து வந்த பாகவத ஆட்டக்காரர்களைப் பார்த்து மகிழ்ந்த ஸாங்க்லி ராஜா, அதுபோல் மராத்தியிலும் ஒன்று செய்யச் சொன்னதால் பிறந்த நாடகம் அது.

ஆனால் மராத்தி மொழியில் நாடகம் எழுதப்பட்டது அதற்கு நெடுங்காலம் முன்பே, நம் காவிரிக் கரையில். 1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட போஸ்லே வம்சத்து சஹஜி மன்னர் மராத்தியிலும் தெலுங்கிலும் நாடகங்கள் இயற்றினார். அவருடைய 'பஞ்சபாஷா விலாஸ'த்தில் ஸம்ஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராத்தி, ஹிந்தி ஆகிய ஐந்து மொழிகளும் வருகின்றன. தஞ்சை நாடகச் சுவடிகள் பல ஸரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. இதை ஒரு மராத்தி நண்பரிடம் சொன்னபோது அவர், "அப்படியானால் நீங்கள் எங்கள் நாடகத்துக்கு மாமா வீடு!" என்றார். மாமா வீட்டு உறவை விட்டுவிடக் கூடாதல்லவா?

தஞ்சை அரண்மனையானாலும் ஸாங்க்லி அரண்மனையானாலும், பார்க்க வந்தவர்கள் ராஜாவின் விருந்தாளிகள். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை அரண்மனை தீர்மானித்தது. 1853-ல் பாவே தம் குழுவை பம்பாய்க்கு அழைத்துச் சென்று டிக்கெட் வைத்து நாடகம் போட்டார். நாடகக் கலையில் இது பெரிய திருப்பம் என்பது என் அபிப்பிராயம். காசு கொடுத்தவர் எவரானாலும் உள்ளே வரலாம் என்றானதும், அவரை விசாரித்து உட்கார வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அரங்க வாசலில் நிற்கும் எங்கள் உத்தியோகம் அங்கேதான் ஆரம்பம்.

மாய்-பாப் ரஸிகர்

புனேயின் பெருமை 1880-ல் தொடங்குகிறது. பெல்காம் ஜில்லாக்காரரான அண்ணாஸாஹேப் கிர்லோஸ்கர், அவ்வாண்டு அக்டோபர் 31-ம் தேதி காளிதாஸனைத் தழுவி 'ஸங்கீத சாகுந்தல'த்தை இந்நகரில் மேடையேற்றினார். அதுவரை ஸூத்ரதார் ஒருவரே பாட, மற்றவர்கள் ஆடியும் பேசியும் வந்தார்கள். கிர்லோஸ்கர் பாத்திரங்களையே பாட வைத்தார். கர்நாடகத்து மெட்டுக்களையும் எடுத்தாண்டார். 1882-ல் 'ஸங்கீத ஸௌபத்ர' வந்தது. அதன்பின் புனேயில் நாடகம் என்றாலே பாட்டுக் கச்சேரியும் சேர்ந்த ஒன்றுதான்.

அந்தக் கிர்லோஸ்கர் கம்பெனியில் 1905-ல் சேர்ந்தவர் நாராயண ஸ்ரீபாத் ராஜஹம்ஸ். சிறுவனாக அவர் பாடக் கேட்ட லோகமான்ய திலகர் 'பால கந்தர்வன்' என்று அழைத்தார் என்பார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெண் வேடத்தில் அவர் உடுத்திய புடவைக் கட்டையும் சூடிய பூவையும் பார்த்து வீட்டுப் பெண்கள் பின்பற்றினார்கள்.

1911 மார்ச் 12-ம் தேதி பம்பாயில் 'மானாபமான்' நாடகத்தின் முதல் காட்சி. அன்றைக்கே பால கந்தர்வரின் பச்சைக் குழந்தை இறந்துவிட்டது. காட்சியை நிறுத்திவிடலாம் என்று மற்றவர்கள் சொல்லியும், வந்த ரஸிகர்களைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று அவர் மேடை ஏறினார். மராத்தி நாடக உலகம் இன்றும் இதை மறக்கவில்லை. ரஸிகர்களை 'மாய்-பாப்', அதாவது 'தாய் தந்தையரே', என்று அழைப்பது அவர்கள் வழக்கம். அந்தச் சொல்லின் கனம் எனக்கு இந்தச் சம்பவத்தைக் கேட்டபிறகுதான் விளங்கியது. கம்பெனிக்காரர் வருகிறவரைத் தாய் தந்தையராக நினைக்கும்போது, வாசலில் நிற்பவன் "டிக்கெட் எங்கே?" என்று அதட்டினால் பொருந்துமா?

1921-ல் போட்டிக் கம்பெனிகளின் தலைவர்களான பால கந்தர்வரும் கேசவராவ் போஸ்லேயும் திலக் ஸ்வராஜ்ய நிதிக்காக அதே 'மானாபமான்' நாடகத்தில் சேர்ந்து நடித்தார்கள். அதே ஆண்டில் கேசவராவ் காலமானார். இப்போது நினைத்தாலும் அந்த ஒரு ராத்திரிக்கு வாசலில் நின்றவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

நம் பக்கத்துத் தொண்டர்கள்

சென்னையில் 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாஸ ஸபையை நிறுவினார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியம் வாங்காமல் நடித்தார்கள். கூத்தாடி என்று ஏளனம் செய்த சமூகமே, தன் வீட்டுப் படித்த பிள்ளைகளை மேடையில் பார்த்தபின் மரியாதையோடு வந்து உட்கார்ந்தது. பம்பாயில் 1952-ல் உருவான ஷண்முகானந்தா ஸபை 1963-ல் மாபெரும் அரங்கைத் திறந்தது. 1990-ல் அது தீக்கிரையானது. 1998-ல் மீண்டும் எழுந்தது. அந்த அரங்கை மீண்டும் நிமிர்த்தியதில் அங்கத்தினர்களின் சந்தாவுக்கும் உழைப்புக்கும் பங்குண்டு. ஸபா நடத்துவது நம் ரத்தத்தில் ஊறிய ஸமாசாரம்.

புனேயிலும் படித்தவர்கள் பலர் தொழிலை வைத்துக்கொண்டே நாடகம் வளர்த்தார்கள். மஹாராஷ்டிரீய கலோபாஸக் என்ற அமைப்பு 1963-ல் தொடங்கிய 'புருஷோத்தம் கரண்டக்' கல்லூரி ஓரங்க நாடகப் போட்டி, தலைமுறை தலைமுறையாக நடிகர்களை உருவாக்கியது. பரத நாட்ய மந்திரில் அந்தப் போட்டி நடக்கும் நாட்களில் மாணவர்களின் கோஷம் தெருமுனை வரை கேட்கும். 'காசிராம் கோத்வால்' புகழ் பெற்ற குழுவில் டைரக்டர் ஜப்பார் படேல் குழந்தை வைத்தியர். நானா பட்னவீஸாக நடித்த மோகன் அகாஷே மனநல வைத்தியர். ஸதீஷ் ஆளேகர் பி.ஜே. மெடிக்கல் காலேஜில் உயிர்வேதியியல் துறையில் இருந்தவர்.

திறந்த கதவு, மூடிய கதவு

'காசிராம் கோத்வால்' பற்றி நம் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்கினேன். எழுதத்தான் வேண்டும். விஜய் தெண்டுல்கர் எழுதிய இந்த நாடகம் 1972 டிசம்பர் 16-ல் புனே பரத நாட்ய மந்திரில் அரங்கேறியது. பேஷ்வா காலத்துப் புனே பிராமணர்களையும் நானா பட்னவீஸையும் கடுமையாகக் காட்டுவதாகச் சொல்லிப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. 19 காட்சிகளுக்குப் பிறகு மூல அமைப்பு நாடகத்தை நிறுத்தியது. கலைஞர்கள் பிரிந்து 1973-ல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு அதே நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். 1980-ல் அது ஐரோப்பாவுக்கும் போயிற்று.

நாடகத்தில் காட்டியது சரித்திர உண்மையா என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. எனக்கே சில இடங்களில் மனம் ஒப்பவில்லை. ஆனால் பார்த்துவிட்டு மறுப்பது வேறு, பார்க்க விடாமல் தடுப்பது வேறு. வாசலில் நிற்பவன் வருகிறவரின் ஜாதியையும் கட்சியையும் கேட்பதில்லை. மேடையில் வரும் வார்த்தைக்கும் அதே விதி பொருந்த வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கத்தினர்களில் சிலருக்கு இது உடன்பாடாக இராது. அவர்கள் எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

நாடகக் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்ததும் இல்லை. ஆரம்ப காலத்தில் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். மேடையில் பெண் வேடத்தை ஆண்களே ஏற்றார்கள். உஸ்தாத் அப்துல் கரீம் கானின் மகள் ஹீராபாய் படோதேகர், 1920-களின் இறுதியில் சொந்தக் கம்பெனி நடத்தித் தாமே நடித்தார். 1933-ல் 'ஆந்தள்யாஞ்சி சாளா' நாடகத்தில் ஜ்யோத்ஸ்னா போளே நடித்தார். இன்று எங்கள் தொண்டர் கூட்டத்தில் பாதிக்கு மேல் மாமிகள்தான். கூட்டத்தை அடக்குவதில் அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

வெளியூர்க்காரர்கள் வளர்த்த விழா

ஹூப்ளிக்கு அருகே குந்த்கோளைச் சேர்ந்த ராம்பாவு குந்த்கோல்கர், கன்னடக்காரர். அப்துல் கரீம் கானின் சிஷ்யர். மராத்தி மேடையில் பெண் வேடமிட்டுப் பாடி ஸவாயி கந்தர்வர் என்ற பட்டம் பெற்றார். 'ஸவாயி' என்றால் ஒன்றேகால், அதாவது கந்தர்வனுக்கும் ஒரு படி மேல். அவர் 1952-ல் மறைந்தார். அடுத்த ஆண்டு, அவருடைய சிஷ்யரும் இன்னொரு கன்னடக்காரருமான பீம்சேன் ஜோஷி, ஆர்ய ஸங்கீத் பிரஸாரக் மண்டல் மூலம் குருவின் நினைவாக இசை விழாவைத் தொடங்கினார். ராத்திரி முழுக்கப் பந்தலில் தரையில் உட்கார்ந்து கேட்டு, விடியற்காலையில் வீடு திரும்பும் விழாவாக அது பல்லாண்டு நடந்தது. ஒலிபெருக்கிச் சட்டங்களால் பிற்பாடு நேரம் சுருங்கியது. 2011-ல் பீம்சேன் ஜோஷி காலமானபின் அவர் பெயரும் விழாவின் பெயரில் சேர்ந்தது.

வெளியூரிலிருந்து வந்தவர்களை இந்த ஊர் தன் பிள்ளைகளாக்கிக்கொண்டது இதில் தெரிகிறது. ராணுவக் கணக்கு அலுவலகத்துக்கும் கட்கி தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்து, ராஸ்தா பேட்டையிலும் அதைச் சுற்றியும் குடியேறிய நம் மூத்தவர்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது மணி

புனேயின் தலையாய அரங்கம், ஜங்லி மஹாராஜ் ரோட்டில் உள்ள பால கந்தர்வ ரங்கமந்திர். 1962 அக்டோபர் 8-ல் பால கந்தர்வரே அடிக்கல் நாட்டினார். 1967 ஜூலை 15-ல் அவர் காலமாகிவிட்டதால் திறப்பு விழாவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மறு ஆண்டு அவர் பிறந்த நாளான ஜூன் 26 அன்று யஷ்வந்த்ராவ் சவாண் திறந்துவைத்தார். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த இருக்கைகள். பு.ல. தேஷ்பாண்டேயின் ஆலோசனையும் அதில் கலந்திருக்கிறது. கோபால் தேவூஸ்கர் வரைந்த ஓவியங்களில் பால கந்தர்வர் ஆண் உருவிலும் பெண் வேடத்திலும் காட்சி தருகிறார். இடைவேளை பட்டாடா வடை அரங்கைப் போலவே பிரஸித்தம்.

மராத்தி அரங்கில் மூன்று மணிகள் அடிப்பார்கள். முதல் மணி அடித்ததும் நாங்கள் வெளியே அரட்டை அடிப்பவர்களை உள்ளே அழைப்போம். இரண்டாவது மணிக்குப் பெரியவர்களைக் கைப்பிடித்து வரிசைக்குக் கொண்டு சேர்த்துவிட வேண்டும். திரைக்குப் பின்னால் நடராஜர் பூஜை முடிந்து, சாம்பிராணிப் புகை மெல்ல வெளியே வரும். தில்லைக் கூத்தனை இங்கே அன்றாடம் வணங்குகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது ஒரு தமிழனுக்கு உண்டாகும் சந்தோஷத்தை எப்படி எழுதுவது! மூன்றாவது மணிக்கு விளக்கு அணையும். பிறகு வருகிறவரை டார்ச் வெளிச்சத்தைத் தரையில் காட்டி, காலடி பார்த்து அழைத்துச் செல்ல வேண்டும். வெளிச்சம் ஒருவர் முகத்திலும் மேடையிலும் படக் கூடாது. "யா காகா, யா ஆஜி, பஸா" என்ற நாலு மராத்தி வார்த்தைகள் போதும். மீதியைப் புன்னகை பார்த்துக்கொள்ளும்.

பரத முனிவர் நாட்டிய சாஸ்திரத்தில் அரங்க மண்டபத்தின் அளவுகளைச் சொன்னதோடு நில்லாமல், பார்ப்பவர்க்கு என்ன தகுதி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மேடையில் அழுதால் அழவும் மகிழ்ந்தால் மகிழவும் தெரிந்தவரே நல்ல பிரேக்ஷகர். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி, இருக்கை தெரியாமல் தடுமாறி, பக்கத்து ஆசாமியோடு சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எப்படி அழுவார், எப்படி மகிழ்வார்? அந்த மனநிலையை உண்டாக்கும் முதல் பொறுப்பு வாசலில் இருப்பவர்களுடையது.

இந்த ரங்கமந்திரை இடித்துவிட்டுப் பெரிய வளாகம் கட்டும் யோசனையை 2018-ல் மாநகராட்சி முன்வைத்தது. கலைஞர்களும் ரஸிகர்களும் கவலையோடு எதிர்த்தார்கள். பழைய கட்டடத்துக்கு வசதிகள் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடைகளும் வாகன நிறுத்தமும் பெருகி, நாடகத்துக்கு வாடகை எட்டாமல் போய்விட்டால் யாருக்கு லாபம்? கட்டடத்தைப் பற்றிய தீர்மானம் நம் கையில் இல்லை. இருக்கைகள் காலியாக இருந்தால் இடிக்க ஒரு காரணம் கூடும், நிரம்பியிருந்தால் ஒரு காரணம் குறையும். அது நம் கையில் இருக்கிறது.

நம்மில் பலர் இந்த ஊரில் நாற்பது, ஐம்பது வருஷம் இருந்தும் ஒரு மராத்தி நாடகம் பார்த்ததில்லை. மார்கழிக் கச்சேரிக்கும் ராதா கல்யாணத்துக்கும் நாம் காட்டும் உத்ஸாஹத்தில் கால் பங்கு போதும். மொழி முழுக்கப் புரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. நாட்யஸங்கீதத்தில் நமக்குத் தெரிந்த ராகங்கள் வேறு பெயரில் வந்து நிற்கும். மாதம் ஒரு நாடகத்துக்குக் குடும்பத்தோடு போகலாம். உடம்பில் தெம்புள்ள ஓய்வு பெற்றவர்கள், ஸ்தானீய நாடகக் குழுக்களையும் விழாக்குழுக்களையும் அணுகித் தொண்டர்களாகச் சேரலாம். இரண்டு மணி நேரம் நிற்கக் கால் வேண்டும், கோபம் வராத மனம் வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை.