ஊர் கூடித் தேர் இழுத்த கதை: ஐரோப்பிய விண்வெளி நிறுவனம்

திருத்தணி மலையிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 2024 டிசம்பர் 5 அன்று அங்கிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-59 ராக்கெட் சுமந்து சென்றது ப்ரோபா-3 என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை. அவை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துக்கு (சுருக்கமாக ஈசா) சொந்தமானவை.

இஸ்ரோவுக்கு ஒரே முதலாளி, இந்திய அரசு. ஈசாவுக்கோ 23 நாடுகள் முதலாளிகள். இரண்டு பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கடையே கணக்கு வழக்கில் உடைந்துபோகிறது. 23 பேர் சேர்ந்து எப்படி ராக்கெட் விடுகிறார்கள்?

முதல் முயற்சி

முதலில் அவர்களுக்கும் அது முடியவில்லை என்பதுதான் உண்மை. 1962ல் ஐரோப்பிய நாடுகள் இரண்டு அமைப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டன. எஸ்ரோ விண்வெளி ஆராய்ச்சிக்கு, எல்டோ ராக்கெட் செய்வதற்கு. எல்டோவின் 'யூரோப்பா' ராக்கெட்டில் முதல் அடுக்கு பிரிட்டனுடையது, இரண்டாவது பிரான்ஸுடையது, மூன்றாவது மேற்கு ஜெர்மனியுடையது. ஒவ்வொரு அரசும் தன் அடுக்கைத் தன் கம்பெனிகளிடம் தானே செய்து வாங்கியது. மொத்த ராக்கெட்டுக்கும் பொறுப்பேற்று அதிகாரம் செய்ய ஆள் இல்லை. யூரோப்பா ஒரு செயற்கைக்கோளைக்கூடச் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை. 1973ல் திட்டமே கைவிடப்பட்டது.

1973 பேரம்

அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடி ஒரு பேரத்துக்கு வந்தார்கள். பிரான்ஸுக்கு ஏரியான் ராக்கெட், ஜெர்மனிக்கு ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடம், பிரிட்டனுக்குக் கடல்வழித் தொடர்பு செயற்கைக்கோள். யாருக்கு எது வேண்டுமோ அதற்கு அவரே பெரும்பங்கு பணம் தர வேண்டும், தலைமையும் அவருக்கே. இதன் மேல்தான் ஈசா கட்டப்பட்டது. 1975 மே 30ல் பாரிஸில் 10 நாடுகள் கையெழுத்திட்டன. ஆண்டு முடிவில் அயர்லாந்தும் சேர்ந்தது.

பணம் வரும் வழி

நம் ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். ஊருக்குப் பொதுவான செலவுக்கு எல்லா வீடும் வரி கொடுக்கும். அது போக, ஒரு நாள் மண்டகப்படியை விருப்பமுள்ளவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஈசாவிலும் இரண்டு கணக்கு. நிர்வாகமும் அறிவியல் திட்டங்களும் கட்டாயக் கணக்கு; நாட்டு வருமானத்தின் விகிதப்படி எல்லோரும் கட்ட வேண்டும். ராக்கெட், பூமி கண்காணிப்பு, தொலைத்தொடர்பு போன்றவை விருப்பக் கணக்கு. வேண்டியவர் வேண்டிய அளவு போடலாம். சுமார் 3 ஆண்டுக்கு ஒருமுறை அமைச்சர்கள் கூடித் தொகையை அறிவிப்பார்கள். 2025 நவம்பரில் ஜெர்மனியின் பிரேமென் நகரில் அறிவிக்கப்பட்டது சுமார் 22.1 பில்லியன் யூரோ.

முடிவெடுப்பது கவுன்சில். பெரிய நாடோ சிறிய நாடோ, ஆளுக்கு ஒரு ஓட்டு. விருப்பத் திட்டத்தில் பணம் போட்டவருக்கு மட்டுமே ஓட்டு. தலைமையகம் பாரிஸில் இருந்தாலும் மையங்கள் நெதர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் என்று பரவியிருக்கின்றன. இது ஐரோப்பிய யூனியனின் துறை அல்ல. அதனால்தான் யூனியனை விட்டு வெளியேறிய பிரிட்டன் ஈசாவை விட்டு வெளியேறவில்லை.

போட்ட பணம் திரும்பும்

எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு நாடு போட்ட பணத்துக்கு ஏற்ற அளவு ஒப்பந்த வேலை அந்த நாட்டுக் கம்பெனிகளுக்கே போக வேண்டும். இதனால்தான் அரசுகள் தைரியமாகப் பணம் போடுகின்றன. ஆனால் குறையும் இதிலேயே இருக்கிறது. மலிவாகவும் நன்றாகவும் செய்பவருக்கு வேலை போகாமல், பங்குக்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2020ல் பறக்க வேண்டிய ஏரியான் 6, 2024 ஜூலையில்தான் முதலில் பறந்தது. இடையில் 2023ல் ஈசா தன் யூக்ளிட் தொலைநோக்கியை அமெரிக்க ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் அனுப்ப வேண்டி வந்தது.

இந்தியாவின் பங்கு

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் இடமுண்டு. 1974ல் இஸ்ரோ பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. நம் பொறியாளர்கள் ஏரியானின் வைகிங் எஞ்சின் வேலையில் உழைத்தார்கள். கூலியாக வந்தது அதன் தொழில்நுட்பம். நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் இதில் முன்னணியில் இருந்தார். அப்படி வந்ததுதான் விகாஸ் எஞ்சின். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகிறது.

1981 ஜூன் 19ல் ஏரியானின் மூன்றாவது சோதனைப் பயணத்தில் நம் 'ஆப்பிள்' செயற்கைக்கோள் இடம்பிடித்தது. அதன் திட்ட இயக்குநர் ஆர்.எம்.வாசகம், தமிழர். சோதனை ராக்கெட் விழுந்தால் செயற்கைக்கோளும் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

அன்று அவர்கள் ராக்கெட்டில் நாம் போனோம். 2001ல் ப்ரோபா-1, 2024ல் ப்ரோபா-3 என்று அவர்கள் நம் பி.எஸ்.எல்.வி.யில் வந்தார்கள். அந்த பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் எரிவது, அன்று உழைப்பைக் கொடுத்து வாங்கி வந்த அதே விகாஸ்.

கூட்டு முயற்சி நல்லெண்ணத்தால் மட்டும் நிற்பதில்லை. யார் எவ்வளவு போடுவது, யாருக்கு என்ன திரும்புவது, யார் பொறுப்பு என்ற மூன்றையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். எல்டோ எழுதி வைக்காமல் விழுந்தது. ஈசா எழுதி வைத்தது, 50 ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது.