கர்நாடகத்தின் இரண்டு 2000-ஆம் ஆண்டுகள்

1987-ல் கர்நாடக மின்திட்டங்களுக்கான நீண்டகாலத் திட்டக் குழு ஒரு கணக்குப் போட்டது. 2000-ஆம் ஆண்டில் மாநிலத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும்? விடை: ஆண்டுக்கு 4,752 கோடி யூனிட், அதற்கு 9,400 மெகாவாட் திறன். 1991-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய குமார் ரெட்டியும் அவருடைய சகாக்களும் அதே மாநிலத்துக்கு, அதே ஆண்டுக்கு வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். அதில் விடை 1,785 கோடி யூனிட், 4,000 மெகாவாட். யாரோ கூட்டலில் கோட்டை விட்டதால் வந்த வித்தியாசம் இல்லை இது.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கர்நாடகத்தில் நிலக்கரி கிடையாது. 1902-ல் சிவனசமுத்திரம், அறுபதுகளில் சராவதி என்று அருவியும் அணையுமாகவே வளர்ந்த மாநிலம் அது. 1985-ல் ராய்ச்சூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கும்வரை, அங்கே உற்பத்தியான மின்சாரத்தில் கரிப்புகை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. எண்பதுகளில் மழை பொய்த்தபோது மின்வெட்டு வந்தது. புதிய அணைகளுக்கு இடமும் சுருங்கிவிட்டது. ஆகவே இனி கூடும் ஒவ்வொரு யூனிட்டும் பெரும்பாலும் நிலக்கரியின் தலையில்தான் விழும். கொஞ்சம் கைகா அணு உலையின் தலையில்.

எரித்து முடித்த நிலக்கரிக்குப் புகைக் கணக்குப் பார்ப்பது எளிது. எத்தனை டன், அதில் கார்பன் எவ்வளவு, பெருக்கினால் முடிந்தது. எரிக்கப்போகிற நிலக்கரிக்கு அப்படி முடியாது. அங்கே 'தேவை இவ்வளவு' என்று எழுதப்படும் எண்தான் புகையின் அளவையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.

குழுவின் வழி எல்லோருக்கும் பழக்கமானது. கடந்த ஆண்டுகளின் வளர்ச்சிக் கோட்டை அப்படியே மேலே நீட்டுவது. பத்து வயதுப் பையனின் சட்டை அளவு கூடுகிற வேகத்தைப் பார்த்து, நாற்பது வயதில் அவனுக்குப் பந்தல் துணி வேண்டும் என்று சொல்வது மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை கோடிகளைக் கொட்டினாலும் பற்றாக்குறை தொடரும் என்பதை அந்தத் திட்டமே ஒப்புக்கொண்டிருந்தது.

ரெட்டி அடிப்படையில் மின்வேதியியல்காரர். போக்ரிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய மின்வேதியியல் பாடநூல் 1970-ல் வெளிவந்தது. உலகம் முழுக்க மாணவர்கள் படித்த புத்தகம். அந்த மனிதர் 1974-ல் கழகத்துக்குள்ளேயே 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கினார். அவருடைய குழு துமகூரு மாவட்டம் குணிகல் வட்டத்தில் உள்ள புரா என்ற ஊருக்குப் போய் உட்கார்ந்தது. 1977-ல் அங்கே 56 வீடுகள், 357 பேர். ஊர் செலவழிக்கும் ஆற்றல் ஒவ்வொன்றையும் எண்ணினார்கள்: விறகு, மாட்டு உழைப்பு, மனித உழைப்பு, மண்ணெண்ணெய், மின்சாரம். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு விறகு. அந்த விறகைப் பொறுக்க ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2.6 மணி நேரம், 4.8 கிலோமீட்டர் நடை. பெண்கள், குழந்தைகளின் உழைப்பு இதில் பெரிது. எந்த மின்வாரியப் பதிவேட்டிலும் இந்த நடைக்கு இடமில்லை.

அதே ஊரில் சாண எரிவாயுக் கலன் கட்டிய கதையும் உண்டு. முதலில் நினைத்தது சமையலுக்கு. அது சரிப்பட்டு வரவில்லை. ஊர்க்காரர்கள் கேட்டது குடிநீர். பிறகு அதே வாயுவில் என்ஜினை ஓட்டி, மின்சாரம் எடுத்து, 1987 முதல் தண்ணீர் இறைத்தார்கள், விளக்கும் எரித்தார்கள். ஊருக்கு என்ன வேண்டும் என்பதை ஊரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்பது எவ்வளவு சாதாரண விஷயம்! திட்ட அறிக்கைகளில் அதுதான் காணாமல் போகும்.

1991 கணக்கு இந்த அனுபவத்திலிருந்து வந்ததாகவே நான் வாசிக்கிறேன். 'டெஃபெண்டஸ்' என்று அதற்குப் பெயர். யாருக்கும் யூனிட் வேண்டாம். வெளிச்சம் வேண்டும், வெந்நீர் வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். குண்டு பல்புக்குப் பதில் சிஎஃப்எல். மின் ஹீட்டருக்குப் பதில் சூரிய வெந்நீர்க் கலன் அல்லது சமையல் எரிவாயு. பம்புசெட்டுக்கு உராய்வு குறைந்த ஃபுட் வால்வும் குழாயும். கரும்பு ஆலைகளில் சக்கையிலிருந்து மின்சாரம், சின்னச் சின்ன நீர்மின் நிலையங்கள். சிக்கனம் என்றவுடன் ஏழையின் விளக்கை அணைப்பார்கள் என்று சந்தேகப்படுவோம், நியாயம்தான். ஆனால் 2000-க்குள் எல்லா வீடுகளுக்கும் மின்னிணைப்பு என்பது இந்தக் கணக்குக்கு உள்ளேயே இருந்தது. செலவு அரசுக் குழுவின் திட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. புதிதாகக் காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடு 200-ல் ஒரு பங்கு. இத்தனைக்கும் புகையைக் குறைப்பது அவர்கள் தொடங்கிய இடமே இல்லை.

அதே 1991-ல்தான் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 'சமனற்ற உலகில் புவி வெப்பமாதல்' என்ற பொருளில் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். பிழைப்புக்கான புகையையும் சொகுசுக்கான புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதே என்பது அவர்கள் வாதம். ரியோ மாநாட்டுக்கு முந்தைய ஆண்டு. அமெரிக்க அறிக்கை ஒன்று இந்தியாவின் நெல்வயலையும் மாட்டையும் எண்ணிக் குற்றப் பட்டியலில் சேர்த்திருந்த நேரம். அந்தக் கோபம் தேவையானது. ஆனால் அது நாடுகளுக்கு நடுவே பேசியது. ஒரு மாநிலத்துக்குள் யாருடைய தேவை எண்ணப்படுகிறது, யாருடையது எண்ணப்படுவதில்லை என்று பேச ரெட்டியின் வறண்ட அட்டவணைகள்தான் உதவுகின்றன. நம்மூர் வாசிப்பில் முதலாவது பிரபலம், இரண்டாவது கிட்டத்தட்ட மறந்தே போனது.

திட்டம் அப்படியே நிறைவேறியதா? இல்லை. மின்வாரியம் யூனிட் விற்பதற்காக இருக்கிறது, மிச்சம் பிடிப்பதற்காக இல்லை. இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ மின்சாரம் கிடைக்கும் விவசாயி, சொந்தக் காசில் ஃபுட் வால்வு மாற்ற மாட்டார். சிஎஃப்எல் அன்று குண்டு பல்பைவிடப் பல மடங்கு விலை. மிச்சமாகும் நிலக்கரியின் லாபம் வாரியத்துக்கு, முன்பணம் குடித்தனக்காரருக்கு. இந்த முடிச்சை அவிழ்க்க அரசு மொத்தமாக வாங்கி விலையை உடைக்க வேண்டியிருந்தது. 2015-ல் 'உஜாலா' திட்டம் எல்இடி பல்புகளுக்கு அதைத்தான் செய்தது. ரெட்டி 2006-லேயே இறந்துவிட்டார். சூரிய வெந்நீர்க் கலன்களை மட்டும் இன்றைக்கும் பெங்களூரு மொட்டைமாடிகளில் வரிசையாகப் பார்க்கலாம்.