கிணறும் செப்டிக் டேங்கும் உள்ள வீடு: முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தாமான் வீடுகளின் விலை கைக்கு எட்டாமல் போனதால், சிறு நகரங்களின் ஓரத்திலும் பழைய தோட்டங்களை ஒட்டியும் உள்ள தரை வீடுகளை நம்மவர் பலர் தேடுகிறார்கள். நிலம் தாராளம், விலையும் குறைவு. ஆனால் அங்கே சில வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் பொதுக் கழிவுநீர்க் குழாயும் இன்னும் வந்திருக்காது. "கிணற்றுத் தண்ணீர்தான், பில்லே கிடையாது" என்பார் ஏஜென்ட். உண்மைதான். குழாய்த் தண்ணீரைச் சுத்திகரிக்கவும் சோதிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். சொந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

இப்படிப்பட்ட வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் கிணற்றைத் தனியாகவும் தொட்டியைத் தனியாகவும் பார்ப்பது வழக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் மண்ணுக்குள் போகிறது. அதே மண்ணிலிருந்துதான் கிணற்றுக்கு நீர் ஊறுகிறது.

செப்டிக் டேங்கில் கனமான கழிவு அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கும். இடையில் உள்ள நீர் அடுத்த அறை வழியாக லோங்காங்குக்கோ மண்ணுக்கோ வெளியேறும். பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அந்த நீரில் கிருமிகள் நிறைய இருக்கும். கசடு நிரம்பிவிட்டால் மலமும் சேர்ந்தே வெளியேறும். பழைய கம்போங் வீடுகள் சிலவற்றில் தொட்டியே இருக்காது. நீர் ஊற்றிக் கழுவும் 'தண்டாஸ் சூரா' கழிப்பறையும் அதன் கீழே ஒரு குழியும்தான் இருக்கும். அந்தக் குழிக்கு அடித்தளம் கிடையாது. எனவே எது இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டராவது வேண்டும்; மணல் நிலமாக இருந்தால் 30 மீட்டர் இருப்பது நல்லது. டேப் பிடித்து அளந்துவிடுங்கள், கண்ணளவை நம்ப வேண்டாம். தொட்டி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் தூரம் போதுமானதாக இருந்தும் ஆபத்துதான். பலர் மறப்பது பக்கத்து வீட்டுத் தொட்டியை. உங்கள் தொட்டி 25 மீட்டர் தள்ளி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரரின் தொட்டி 6 மீட்டரில் இருக்கும்.

தொட்டியின் மூடி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வீட்டை நீட்டிக் கட்டியபோது சமையலறைத் தரைக்கு அடியில் தொட்டி போய்விட்ட வீடுகள் நிறைய உண்டு. மூடியைத் திறக்க முடியாவிட்டால் கசடை உறிஞ்சவும் முடியாது. டேங்கர் லாரி அருகில் வந்து நிற்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். கசடை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றுவது முறை. கடைசியாக எப்போது அகற்றினார்கள் என்று கேட்டு ரசீதைப் பாருங்கள். தீபகற்பத்தின் பெரும்பகுதியில் இந்தச் சேவையை இண்டா வாட்டர் வழங்குகிறது. தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடப்பில் இருக்கும் 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டப்படி தொட்டியைப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. வீடு கைமாறினால் அந்தப் பொறுப்பும் உங்களிடம் வந்துவிடும்.

இனி தண்ணீர். வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஓரிரவு வைத்தபின் பழுப்பாக மாறினால் அதில் இரும்புச் சத்து அதிகம். குளியலறைத் தரையில் ஆரஞ்சுக் கறை இருந்தாலும் அதே கதைதான். கிணற்று நீரைப் பரவலாகப் பயன்படுத்தும் கிளந்தானில் இது பழகிப்போன தொல்லை. காற்றோட்டம் கொடுத்து மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. வடிகட்டிச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

கண்ணுக்குத் தெரியாதவைதான் கவலைக்குரியவை. சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர அளவுகோல்படி 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலம் கலக்கிறது என்று பொருள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் அப்படியல்ல, கழிவிலிருந்தும் செம்பனைக்குப் போடும் உரத்திலிருந்தும் அது வரலாம். நீரைக் கொதிக்க வைத்தால் ஆவி போய் நைட்ரேட்டின் அடர்த்தி கூடும். அந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாய்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் வரம்பு. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கிணறு தோட்டத்தை ஒட்டி இருந்தால் பூச்சிமருந்து, களைக்கொல்லிச் சோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

சோதனையை அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வுக்கூடத்தில் செய்யலாம். மாவட்ட சுகாதார அலுவலகத்திலும் விசாரித்துப் பாருங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோனால் முடிவை நம்ப முடியாது. நல்ல மழைக்கு மறுநாள் நீர் எடுங்கள். அழுக்கு உள்ளே இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கிணற்றில் குளோரின் வாடை அடித்தால், யாரோ முன்னேற்பாடாக மருந்து போட்டிருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுங்கள். கோடையில் கிணறு வற்றுமா என்பதை விற்பவரைவிட அக்கம்பக்கத்து ஆட்கள் நேர்மையாகச் சொல்வார்கள்.

பழைய வீடு வாங்கும்போது 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கேட்பது வழக்கம். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அது 10 விழுக்காடு ஆகும். பழைய வீடு பெரும்பாலும் 'இருக்கிறபடியே' விற்கப்படுகிறது. புதிய வீட்டுக்கு மேம்பாட்டாளர் தரும் பழுது உத்தரவாதம் இதற்குக் கிடையாது. வழக்கறிஞர் நிலப்பட்டாவைச் சோதிப்பார். பேங்க் மதிப்பீட்டாளர் வீட்டின் விலையைச் சொல்வார். கிணற்றை எட்டிப் பார்ப்பது இருவரின் வேலையும் அல்ல. ஆகவே முன்பணக் கடிதத்திலேயே ஒரு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள்: தண்ணீர்ச் சோதனையும் தொட்டிப் பார்வையும் திருப்தியாக இல்லையென்றால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். வாய் வார்த்தை போதாது. விற்பவர் மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள்.

அதோடு மாநில நீர் நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சிலாங்கூரில் ஆயர் சிலாங்கூர், பேராக்கில் நீர் வாரியம், கெடாவில் சாடா. பெரிய குழாய் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இணைப்புக்கு என்ன செலவாகும் என்று கேளுங்கள். பக்கத்துச் சாலையிலேயே குழாய் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை இழுத்துக்கொண்டு, கிணற்று நீரைச் செடிக்கும் கார் கழுவவும் வைத்துக்கொள்ளலாம்.