சலுகையின் நாட்காட்டி: சர்க்கரைக் கலால் தள்ளுபடியும் கடலூர்க் கரும்பும்

கடலூர் மாவட்டக் குறிஞ்சிப்பாடி வட்டாரக் கரும்புக்கு எட்டும் தொலைவில் இரண்டு ஆலைகள் உள்ளன: வடக்கே நெல்லிக்குப்பம் பாரி ஆலை, தென்மேற்கே சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை. நெல்லிக்குப்பம் ஆலை 1840களில் தொடங்கியது. சர்க்கரைக்குக் கலால் வரி வந்ததோ 1934இல்தான். 1932இல் இறக்குமதிச் சர்க்கரையிலிருந்து உள்நாட்டு ஆலைகளைக் காத்த அரசு, சுங்க வருவாய் சரிந்ததும் அதே ஆலைகளிடம் வரி கேட்டது.

வரியை விதிப்பது சட்டம்; விலக்கு தருவது மத்திய அரசின் அறிவிக்கை. 1944ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ் இந்த அதிகாரம் முதலில் விதி 8இல் இருந்தது, 1988இல் பிரிவு 5ஏ-க்கு வந்தது. ஆகவே சலுகை யாருக்கு, எப்போது என்பதை அறிவிக்கையின் சொற்களே தீர்மானிக்கின்றன. விலக்கின் வாசகத்தில் ஐயம் எழுந்தால் அது வரித்துறைக்கே சாதகம் என்று 2018இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, திலீப்குமார் வழக்கில் உறுதிசெய்தது.

என் வாதம் 1970களின் கூடுதல் உற்பத்தித் தள்ளுபடியைப் பற்றியது. 1973 அக்டோபரில் வந்த அறிவிக்கை, அக்டோபர் முதல் செப்டம்பர் வரையான சர்க்கரை ஆண்டைத் துண்டு துண்டாகப் பிரித்தது. முந்தைய ஆண்டின் அதே துண்டில் உற்பத்தியானதைவிட எவ்வளவு மிகுந்ததோ அந்த மிகுதிக்குத்தான் தள்ளுபடி. இப்படிப் பிரித்ததில் ஒரு நியாயம் உண்டு. அக்டோபரில் வெட்டும் கரும்பு முதிர்ந்திருக்காது. சர்க்கரைக் கட்டுமானம் குறைவு. அந்த இழப்பை ஈடுகட்டினால்தான் ஆலை முன்கூட்டி அரவையைத் தொடங்கும்.

ஆனால் அக்டோபரும் நவம்பரும் கடலூர்க் கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆலை தரும் வெட்டு உத்தரவு (கட்டிங் ஆர்டர்) கையில் இருந்தாலும் சேற்று வயலிலிருந்து வண்டி கரையேறாது. வட இந்தியச் சமவெளிக்குப் பொருந்தும் நாட்காட்டி இங்கே பொருந்தவில்லை. இதைவிடப் பெரிய குறை அளவுகோலில் இருந்தது. முந்தைய ஆண்டு வறட்சியால் அரவை சரிந்த ஆலைக்கு இவ்வாண்டின் வழக்கமான உற்பத்தியே ‘மிகுதி’ ஆகிவிடும். ஆண்டுதோறும் ஒரே சீராக அரைத்த ஆலைக்கு ஒன்றும் கிடைக்காது. ஒப்பிட வேண்டிய முந்தைய ஆண்டுத் துண்டில் உற்பத்தியே இல்லாத ஆலைக்குத் தள்ளுபடி உண்டா என்ற கேள்வி நீதிமன்றங்களில் நீண்ட காலம் அலைந்தது.

இந்தக் கணக்கில் கரும்பு போட்டவருக்கு இடமே இல்லை. அவர் முதன்முறையாக வெளிப்படையாக நுழைந்தது பின்னர் வந்த வட்டியில்லாக் கடன் திட்டங்களில்தான். 2014 சனவரியில் அறிவித்த திட்டத்தில், ஆலை முந்தைய மூன்று ஆண்டுகளில் செலுத்திய கலால் வரியே கடனின் அளவானது. அந்தப் பணம் கரும்பு நிலுவைக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. சலுகையின் சரியான வடிவம் இதுவே என்பேன்.

2017 சூலை 1இல் சரக்கு சேவை வரி வந்து சர்க்கரை 5 விழுக்காட்டுக்குள் அடங்கியது. பழைய அறிவிக்கைகள் காலாவதியாயின. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை மட்டும் நடப்பில் இருக்கிறது: கரும்பு தந்த 14 நாளுக்குள் பணம், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. இனி ஆலைகளுக்கு எந்த வரிச் சலுகை வந்தாலும், அந்த 14 நாள் கெடுவைக் காத்த ஆலைக்கே அது செல்லுபடியாக வேண்டும்.